சொர்ணத்தின் பாவாடை அளவு

தியாகராய நகர்,
20-2-1975, வியாழன்.

அன்புள்ள மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஜெயபாரதியும் குழந்தை ஜானுவும் அவரவர் உடம்புக்கு ஏற்ற சுகத்தோடு இருக்கிறோம். நீயும் அந்த ஆப்பிரிக்காவில், லுசாகாவில் வேளைக்குச் சாப்பிட்டு, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் வள்ளென்று விழாமல், காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது என் முதல் வேண்டுதல். இங்கே தண்ணீர்க் கஷ்டம் சொல்லி முடியாது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, லாரி வந்தால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, நானும் ஓடுகிறேன், உன் அப்பா ஜன்னலில் நின்று சிரிக்கிறார். அவருக்கு முட்டி வலி. இருந்தாலும் ஒன்பது மணிக்குப் பாண்டி பஜாருக்குப் போய்க் கடையைத் திறக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை. மாசி முகூர்த்தம் என்பதால் டூ பை டூ ரவிக்கைத் துணி வந்த வேகத்தில் போகிறது. காதர் பாய் பழையபடி கடை வாசலில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பொறுமையாகப் படி. காகிதம் கொஞ்சம் அதிகமாகத்தான் போகும் போலிருக்கிறது.

நீ மார்கழியில் எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டுக்கும் ஜானு சுகமாக இருக்கிறாள், பரிசோதனை நடக்கிறது என்று இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஜெயாவையும் குழந்தையையும் கோவில்பட்டிக்கு அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் ரத்தத்தில் இருக்கும் கோளாறுக்கு நான் பொறுப்பாக முடியாது, ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போது எனக்கு வேறு ஏற்பாடு பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதக் காரணம் தீபாவளிச் சமயத்தில் நான் உனக்கு எழுதிய கடிதம்தான் என்பதும் எனக்குத் தெரியும். குழந்தைக்கு ஏதோ பரம்பரை நோய் என்று ஆஸ்பத்திரியில் சந்தேகப்படுகிறார்கள், ஜெயாவின் அத்தை ஒருத்தி வயிறு வீங்கிச் செத்தாளாம், நம் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது, நன்றாக விசாரிக்காமல் பெண் எடுத்துவிட்டோம் என்று அதில் எழுதினேன். எழுதும்போது எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. இப்போது நினைத்தால் அந்தக் கையை என்ன செய்வது என்று இருக்கிறது. அதனால்தான் ஆம், இல்லை என்று ஒரு வரியில் உனக்குப் பதில் எழுத முடியவில்லை. இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று ஒரேயடியாகத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்தேன். தெரிந்துகொண்டேன்.

முதலில் நோயைச் சொல்கிறேன். ஜானுவின் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்ததும், பூச்சி மருந்து கொடுத்ததும், மூக்கில் ரத்தம் வந்ததும், கால் வலிக்கிறது என்று அவள் படி ஏற மறுத்ததும் உனக்குத் தெரியும். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, மலேரியாவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் ஆழ்வார்பேட்டையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஷகீலா என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, மெலிந்த உடம்பு, பேச்சில் மட்டும் பெரிய தெளிவு. இடுப்பு எலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். குழந்தை அழவில்லை, வெளியே உட்கார்ந்திருந்த ஜெயாதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான்கு நாள் கழித்து முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டபோது, எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள், எனக்குக் காட்டுங்கள் என்றேன் நான். உன் அப்பா என் கையைக் கிள்ளினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வாங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. சின்னச் சின்ன ரத்த அணுக்களுக்கு நடுவில் பெரிது பெரிதாக வெளிறிய உருண்டைகள், உள்ளே முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக. பட்டுத் துணியைக் கையில் கசக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். புஸ்தகத்துலயும் அப்படித்தாம்மா எழுதியிருக்கு, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றாள். முப்பது வருஷம் துணிக்கடைக்காரரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், கசங்கின பட்டு தெரியாதா என்றேன். சிரித்தோம். நோயைப் பார்த்துச் சிரித்தோமே என்று வெளியே வந்த பிறகு சங்கடமாக இருந்தது.

நோயின் பெயர் கோஷே. யாரோ ஒரு பிரெஞ்சு டாக்டர் பெயராம். அவள் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உடம்பில் பழைய ரத்த அணுக்கள் நாள்தோறும் அழிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பை அரைத்துக் கரைப்பதற்கு ஒவ்வொரு அணுவுக்குள்ளும் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு, லைசோசோம் என்று பெயர். அந்தப் பைக்குள் அந்தக் கொழுப்புக்கென்றே ஒரு நொதி இருக்க வேண்டும். அதன் பெயரை எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், சொல்ல முயன்றால் பல் இரண்டு விழும். ஜானுவுக்கு அந்த ஒன்று மட்டும் மிகக் குறைவு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. அதனால் கரையாத கொழுப்பு, அடைத்துக்கொண்ட அடுப்பங்கரைச் சாக்கடை மாதிரி, மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்புக்குள்ளும் தேங்கித் தேங்கி நிற்கிறது. வயிறு வீங்குவது அதனால், கால் வலிப்பது அதனால், ரத்தம் உறையாமல் மூக்கில் வழிவதும் அதனால். ஒரே ஒரு சாமான் குறைந்ததற்கு இத்தனை கூத்து. எனக்கு அதைக் கேட்கக் கேட்க, குழந்தை என் குழந்தை என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்து போய்விட்டது, அத்தனை ஆச்சரியம். மூளைக்கு ஒன்றும் வராத வகைதான் ஜானுவுக்கு இருப்பது என்று நினைக்கிறாள், பல வருஷம் இருப்பாள், படிப்பாள் என்கிறாள். அதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, ஆனால் நல்ல கலக்கம்.

ஏன் அந்த நொதி குறைந்தது என்று கேட்டேன். அதைச் செய்யச் சொல்லும் குறிப்பு, ஜீன் என்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. காதர் பாய் ரவிக்கைக்கு அளவுத் தாள் வெட்டி வைப்பாரே, அந்த மாதிரி இரண்டு தாள் என்று நான் வைத்துக்கொண்டேன். ஒரு தாளில் பிழை இருந்தால் இன்னொன்றை வைத்து வேலை நடந்துவிடும், பாதி நொதி போதும், அந்த ஆளுக்குத் தலைவலிகூட வராது, தன்னிடம் பிழை இருப்பதே தெரியாமல் எண்பது வயது வரை இருப்பான். இரண்டு தாளிலும் பிழை இருந்தால்தான் நோய். அப்படியானால் ஜானுவுக்கு ஒரு பிழை ஜெயாவிடமிருந்து, இன்னொரு பிழை உன்னிடமிருந்து. நான் அவளை மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். தாய் வழியாக மட்டும் வரக் கூடாதா என்றேன். இந்த நோயில் அப்படி வராதும்மா, ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வரும், ஒருத்தர் மேல மட்டும் பழி போட முடியாது என்றாள். பக்கத்தில் ஜெயா இருந்தாள். நான் என் பார்வையை மைக்ராஸ்கோப் மேலேயே வைத்துக்கொண்டேன்.

உன் அப்பா அவர் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். இரண்டு பேரிடமும் ஒவ்வொரு பிழை இருந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்கு நோய் வரும் என்று டாக்டர் சொன்னதும், அப்ப ஒண்ணு வந்தாச்சு, இனி மூணு பிள்ளைக்குப் பயமில்லைன்னு சொல்லுங்க என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டுப் போடுவதுதான், முன்னால் விழுந்த சீட்டுக்கு ஞாபகம் கிடையாது என்று விளக்கினாள். கணக்கு வாத்தியாரைப் பெற்ற அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வழி நெடுகக் கேலி செய்துகொண்டு வந்தேன். பொன்னுரங்கம்தான் அன்றைக்கும் ரிக்‌ஷா மிதித்தான். இன்னாமா, கொயந்த ஒடம்பு எப்டி கீதாம், டாக்டரம்மா இன்னா சொல்லிச்சு என்று கேட்டான். நான் அவனிடமும் அளவுத் தாள் கதையைச் சொன்னேன். அவன் ஒரு மிதி மிதித்துவிட்டு, அப்ப ஒங்க புள்ளையும் பாதி குட்துகீறாரு என்றான். ஒரே மிதியில் அவனுக்குப் புரிந்தது, நமக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

இனி விசாரணைக்கு வருகிறேன். டாக்டர் ஷகீலா முதல் நாளே ஒரு காகிதத்தில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, ஜவஹரும் ஜெயபாரதியும் சொந்தமா என்று கேட்டாள். இல்லை, அந்நியம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகள் நோஞ்சானாகப் பிறக்கும் என்று எதையோ படித்துவிட்டு உன் அப்பாதானே மூன்று முறைப்பெண்களை ஒதுக்கிவிட்டு, நூல் வியாபாரி ஒருவர் மூலமாகக் கோவில்பட்டியில் பெண் பார்த்தார். டாக்டருக்கு அது சமாதானமாகவில்லை. இது ரொம்ப ரொம்ப அபூர்வமான பிழை, சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர்கிட்ட இருந்து சேரவும் செய்யலாம், ஆனா சொந்தக்காரங்களா இருந்தா சேருறது சுலபம், ஏன்னா ஒரே முன்னோர்கிட்ட இருந்து ரெண்டு பக்கமும் இறங்கி வரும், நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா என்றாள். நான் அந்தக் கட்டமும் வட்டமும் வாங்கி வந்து, பட்டுப் புடவைக்குள் வைக்கும் அட்டையின் பின்பக்கத்தில் ஜானுவின் பென்சிலால் நம் வீட்டையும் ஜெயா வீட்டையும் வரைந்து பார்க்க ஆரம்பித்தேன். சமையலறையில் ஜெயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். முதலில் தெரிந்தது என் பொய். வயிறு வீங்கிச் செத்தாள் என்று நான் உனக்கு எழுதினேனே, அந்த அத்தை பிரசவத்துக்குப் பின் காமாலை கண்டு இறந்தவளாம், வயது இருபத்தெட்டு. யாரோ கல்யாண வீட்டில் காதில் போட்டதை வைத்துக்கொண்டு நான் உனக்குப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன்.

அட்டையில் இரண்டு வீடும் தனித்தனியாகவே நின்றன. எங்கேயும் சேரவில்லை. அப்போதுதான் காதர் பாய் இந்தக் கதைக்குள் வந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் மிஷினை நிறுத்திவிட்டு, இன்னாமா, இந்த வருசம் ரெண்டு பாவாடையா, சின்னம்மாவும் அதே அளவு குடுத்துத் தச்சு வாங்கினு போய்கீறாங்க, நீளம் புள்ளைக்கு, இடுப்பு பொம்பளைக்கு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கும் புரியாது, ஏனென்றால் நான் உனக்குச் சொன்னதே இல்லை. என் பிறந்த வீட்டில், வள்ளியூரில், ஒரு கன்னி உண்டு. கல்யாணமாகாமல் சின்ன வயதில் செத்த பெண் பிள்ளையைக் கன்னியாக வைத்து, ஓலைப் பெட்டியில் வருஷத்துக்கு ஒரு புதுப் பாவாடையும் வளையலும் கண்ணாடியும் வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். என் அப்பாவின் அக்கா அவள், பெயர் சொர்ணம், ஒன்பது வயதில் போய்விட்டாள். என் அண்ணன்மார் யாரும் இப்போது இல்லாததால் அந்தப் பெட்டியை நான்தான் வைத்திருக்கிறேன். புகுந்த வீட்டில் பிறந்த வீட்டுச் சாமியை வைத்துக் கும்பிடுவது முறையில்லை என்று பீரோவுக்கு மேலே துணி சுற்றி வைத்து, தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோரும் வெளியே போன பிறகு வாய்க்குள்ளேயே பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிடுவேன். பாவாடை அளவு என் அம்மா சொல்லிக்கொடுத்தது. நீளம் இருபத்திரண்டு அங்குலம், இடுப்பு முப்பது. ஏன் இப்படி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அப்பா சொன்ன அளவு, தை என்றாள். தைத்தேன். முப்பது வருஷமாகத் துணியை அளக்கிற வீட்டில் இருந்துகொண்டு, ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எதற்கு முப்பது அங்குல இடுப்பு என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை பார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயாவைக் கூப்பிட்டு, காதர் பாயிடம் யாருக்குப் பாவாடை கொடுத்தாய் என்றேன். திருடினவளைப் பிடித்த மாதிரி அவள் முகம் போய்விட்டது. குத்தமா எடுத்துக்காதிய அத்தே, எங்க வீட்டுக் கன்னிக்கு, வழக்கமா அண்ணன் வீட்லயே செஞ்சுருவாங்க, ஜானுவுக்காக இந்த வருசம் நானே வைக்கேன்னு நேந்துக்கிட்டேன், மாடியில வச்சுக் கும்பிட்டுட்டுக் கடல்ல விட்டுருதேன் என்றாள். உன் வீட்டுக் கன்னிக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். சொர்ணம் என்றாள். உன் வீட்டில் அந்தப் பெயரில் யார் செத்தது என்று கேட்டால், அவளுக்குத் தெரியவில்லை. எங்க தாத்தா கும்பிட்ட சாமி, அந்த அளவும் தாத்தா சொன்னதுதான் என்கிறாள். அவள் தாத்தா பெயர் அய்யாதுரை. அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நாற்காலி மேல் ஏறி என் பெட்டியை இறக்கி, போன வருஷப் பாவாடையை எடுத்து அவள் தைத்து வாங்கியதன் மேல் விரித்துப் போட்டேன். இடுப்பு, நீளம், கீழே இரண்டு விரல் மடிப்பு உள்பட எல்லாம் ஒன்று. அப்புறம் ஜெயா தன் கையால் ஜானுவின் வயிற்றை அளப்பது போல காற்றில் ஒரு வட்டம் போட்டாள். சொர்ணத்துக்கும் இதே வயிறுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதும் கொடுத்தாச்சு என்பதும் மட்டும் சின்ன வயதில் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் அந்த வீட்டுக்காரன், பெற்ற வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது. சொந்தபந்தம் பார்க்கும்போதும் அவன் கணக்கில் வரமாட்டான். உனக்குப் பெண் பார்க்கும்போது இரண்டு வீட்டாரும் நான்கு தலைமுறை சொல்லிப் பார்த்தோம், இரண்டு பேருமே மனசறிந்து பொய் சொல்லவில்லை. ஜெயாவின் அண்ணன் வேலுவுக்கு உடனே எழுதினேன். தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்கு நடுவிலும் அந்தப் பிள்ளை ஒரே வாரத்தில் பதில் போட்டான். ஆமாம், தாத்தா ஏழு வயதில் தெற்கே இருந்து சுவீகாரம் வந்தவர்தான். தனக்கு முதலில் வைத்த பெயர் மண்ணாங்கட்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். எமன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நம்மவர்கள் வைக்கிற பெயர். அக்கா செத்த மறு வருஷம், இந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று பயந்து, இவனாவது பிழைக்கட்டும் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். வேலு இன்னொன்றும் எழுதியிருந்தான். அக்காவுக்கு வயித்துல நாடா வெட்டும், அழுவா, அதான் பாவாடைய அகலமாத் தைக்கணும் என்று தாத்தா சாகும் வரை சொல்வாராம். ஏழு வயதுப் பையனும் அவன் அண்ணனும் ஒருவரை ஒருவர் அப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை, ஆனால் இரண்டு பேரும் அக்காவுக்கு நாடா வெட்டாத அளவை மட்டும் மறக்கவில்லை. இதை எழுதும்போது மூக்கைச் சிந்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்கு ஓடினேன். டாக்டர் ஷகீலா மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள். சொர்ணத்தின் அம்மா யாரைக் கட்டியவள் என்று கேட்டாள். தன் தாய்மாமனை என்றேன். அதாம்மா, அங்கதான் ரெண்டு பிழையும் முதல்ல சேர்ந்திருக்கணும் என்று சொர்ணத்தின் வட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கினாள். அவளோடு பிறந்த இரண்டு பையன்களுக்கும் பாதி. அந்தப் பாதி என் அப்பா வழியாக எனக்கும், என்னிடமிருந்து உனக்கும். மண்ணாங்கட்டி வழியாக அவர் மகனுக்கும், அவரிடமிருந்து ஜெயாவுக்கும். உங்களுக்கும் ஜெயா அப்பாவுக்கும் பென்சில்ல போடுங்க, மை வேண்டாம், இங்க அதுக்குப் பரிசோதனை கிடையாது, ஆனா கிட்டத்தட்ட நிச்சயம்தான், ஜவஹருக்கும் ஜெயாவுக்கும் மட்டும் மையிலயே போடலாம், ஜானுவே சாட்சி என்றாள். என் வட்டத்தில் பாதியை நானே கறுப்பாக்கினேன். உன் கட்டத்துக்கு மை தொட்டதும் நான்தான். முதல் முதலில் யாரிடம் இந்தப் பிழை வந்தது என்று கேட்டேன். தாளைப் பார்த்துத் தாள் வெட்டும்போது எந்தத் தலைமுறையிலோ ஒரு கை தவறியிருக்கும், அது யார் பாவமும் இல்லை, தேடிப் பிடிக்கவும் முடியாது என்றாள். மாட்டுக்கு வருமா, நாய்க்கு வருமா, ஆந்திராவில் உண்டா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஸ்டூடண்ட்ஸ்கூட இவ்வளவு கேக்கமாட்டாங்க என்று சொல்லி வழியனுப்பினாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அவளை அவள் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய். அவள் அப்பா எனக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை, அவள் என் தம்பி மகள், உன் அப்பா ஓடி ஓடி ஒதுக்கிய முறைப்பெண்தான். அவள் வீட்டு ரத்தம் என்று நீ எழுதியது என் ரத்தம், உன் ரத்தம். உறவை விட்டுவிடு, யாரோ ஒருத்தியாகவே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், பாதி உன்னுடையது. வேறு பெண்ணைக் கட்டினால் இந்த நோய் அநேகமாக வராது என்று நீ சொன்னால், வாத்தியாரே, அது சரியான கணக்குதான், டாக்டரும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அதே கணக்குப்படி ஜெயாவும் வேறொருவனைக் கட்டினால் அவளுக்கும் நல்ல பிள்ளைகள் பிறக்கும். அந்தப் பக்கத்தை நீ ஒரு நிமிஷமாவது போட்டுப் பார்த்தாயா? நான் பார்க்கவில்லை, அதனால் உன்னை மட்டும் கேட்கவில்லை. இன்னொரு குழந்தை வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் இரண்டு பேர் பாடு. வயிற்றில் இருக்கும்போதே நீரை எடுத்துப் பார்த்துச் சொல்கிற வழி வெளிநாட்டில் வந்திருக்கிறதாம், அமெரிக்காவில் அந்த நொதியையே பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்களாம், மருந்தாக வர எத்தனை வருஷமோ தெரியாது. ஜானுவுக்கு இப்போதைக்கு விழாமல் பார்த்துக்கொள்வதும், மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்பதும், அணுக்கள் ரொம்பக் குறைந்தால் மண்ணீரலை எடுப்பதும்தான் வழி. எடுக்க வேண்டி வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார்கள். அம்மா என்று ஜெயா போட்டாள், அப்பா என்ற இடம் காலியாக இருக்கிறது.

தீபாவளிக்கு நான் உனக்கு எழுதியதை ஜெயாவிடம் சொல்லிவிடுவது என்று நேற்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உன்மேல் வீண்பழி போட்டு அவனுக்கு எழுதிவிட்டேன் அம்மா, அதனால்தான் அவன் இப்படி எழுதினான் என்று ஆரம்பித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. தெரியும் அத்தே, அந்தக் காயிதத்த ஒட்டித் தபால்ல போட்டது நாந்தான என்றாள். உண்மைதான். அன்றைக்குக் கையில் மாவு என்று நான் ஒட்டாமலே கொடுத்திருந்தேன். படித்துவிட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, மாம்பலம் போஸ்ட் ஆபீஸ் வரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து எனக்குச் சாதம் வடித்துப் போட்டிருக்கிறாள். மூன்று மாதம். ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டேன். உங்க மகனுக்கு நீங்க எழுதுனது, நான் எப்படிக் கிழிப்பேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நீ நேரில் பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாய், உன் அப்பாவே நம்பவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளிடமே கொடுத்து முழுக்கப் படிக்கச் சொன்னேன். படித்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். உடனே புறப்பட்டு வா என்று உனக்கு எழுதியிருந்தேன். அத நீங்க எழுத வேண்டாம் அத்தே, நீங்க சொல்லி வந்தாங்கன்னா நீங்க சொல்லிப் போவாங்க என்றாள். மேலே மையால் கோடு கோடாக அடித்திருப்பது அதுதான். அவளைக் கோவில்பட்டிக்கு அனுப்ப மாட்டேன், அவளாகப் போகிறேன் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன், இது மட்டும் என் வரி. இனி எனக்குப் பதில் எழுதாதே. எழுதுவதானால் அவள் பெயருக்கு, அவள் கையில் சேரும்படி எழுது. வெயிலில் தலையில் ஒன்றும் இல்லாமல் நடக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. நீ தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு இருக்க உன் அப்பாவும் நானும் ஆசீர்வாதம் சொல்கிறோம். ஜானு உனக்கு என்று ஒரு பூனை வரைந்திருக்கிறாள், பூனைக்கும் வயிறு பெரிதாகத்தான் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கிய அம்மா,
முத்துலட்சுமி நல்லசிவம்.